லிட்டருக்கு இருபது

கன்னோ தொகுசாபுரோவின் வண்டி தெருமுனையில் தெரிந்தால் நான் இரண்டாம் பம்பைக் காலியாக வைக்க வேண்டும். அங்கே வேறு வண்டி நின்றால், அது போகும் வரை அவர் தெருவிலேயே காத்திருப்பார். மற்றப் பம்புகளின் தரை சரிவாம். சரிந்த தரையில் டேங்க் ஒழுங்காக நிறையாதாம். ஒருநாள் ரசமட்டம் கொண்டுவந்து, மண்டியிட்டு, எனக்கே நிரூபித்துக் காட்டினார். எங்கள் பனி ஊர் ஒபனசாவாவில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்ரோல் போடுகிறேன். என் பங்கின் தரையை அளந்த வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான்.

முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனிதர். ஓய்வு பெற்றதும் பார்க்க மீட்டர் இல்லை. கையில் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

டேங்கை நிரப்ப வேண்டும். நாசில் முதல் தடவை ‘டக்’கென்று நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டாலும் மனிதர் முகம் கறுத்துவிடும். போன தடவைக்குப் பிறகு ஓடிய கிலோமீட்டரை இன்று போட்ட லிட்டரால் வகுத்து நோட்டில் எழுதுவார். பதினொரு வருடத்தில் ஒரு வரிகூட இருபதுக்குக் கீழே இறங்கியதில்லை. அந்த இருபதுதான் அவர் மானம்.

அதைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மாதம் ஒருமுறை டயர் காற்று. வண்டிக் கூரைமேல் விழுந்த பனியை வழித்து, வாளியில் போட்டு எடை பார்ப்பார். மனைவி ஃபுமியேவின் கைப்பையைத் திறந்து, "இந்தக் குடை எதுக்கு?" என்று வெளியே எடுத்து வைப்பார். ஆயில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒருதடவை 4,998இல் வந்து சேர்ந்துவிட்டார். எங்கள் பங்கைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு கிலோமீட்டரையும் தீர்த்த பிறகுதான் உள்ளே நுழைந்தார். நான் வாசலில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் குனிந்து வணக்கம் சொன்னேன். என் பிழைப்பு அப்படி.

போன பிப்ரவரியில் பனி கொட்டிய ஒரு காலை, வழக்கத்துக்கு மாறாக வண்டி வேகமாக உள்ளே வந்தது. பின்சீட்டில் அவர் மகள் மிசுஹோ. இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள். பக்கத்தில் ஃபுமியே.

"ஹொஷிகவாம்மா, ஃபுல் பண்ணுங்க. மொத சத்தத்தோட நிறுத்திருங்க" என்றார் கன்னோ.

"ஏங்க, டேங்க்தான் பாதிக்கு மேல இருக்கே. வலி வந்திருச்சுங்க" என்றார் ஃபுமியே.

"தெரியும். ஷின்ஜோ ஆஸ்பத்திரிக்கு வேகமா ஓட்டணும். அந்த வேகத்த இத்தன நாள் கணக்கோட கலக்க முடியுமா? இங்க பழசை முடிச்சிட்டா, ஆஸ்பத்திரி ஓட்டத்தைத் தனியா எழுதிக்கலாம்." நோட்டின் கடைசியில் புதிதாக ஒரு பக்கம் வைத்திருந்தார். மேலே ‘கணக்கில் சேராதவை’ என்று தலைப்பு. கிளம்பும் முன் வீட்டிலேயே, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார், பாவி.

"அப்பா, நான் உங்க கணக்குல இல்ல, பின்சீட்டுல இருக்கேன்" என்றாள் மிசுஹோ, பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாக்குவாதம் பண்ணினால் இன்னும் தாமதம் என்று நாசிலைச் செருகினேன். ‘டக்.’ மூடியை இறுக்கினேன். கை பழக்கதோஷம், துணியை எடுத்துப் பின் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் மிசுஹோவின் முகம் தெரிந்தது. மூன்று பெற்றவள் நான். அந்த முகத்துக்கு ஷின்ஜோ ரொம்பத் தூரம்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, பனி வேறு, ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். குழந்தைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. போனில் ஒரு அம்மாள் சொல்லச் சொல்ல நானும் ஃபுமியேவும் பின்சீட்டிலேயே பிரசவம் பார்த்தோம். கன்னோ வெளியே பனியில், நான் கண்ணாடி துடைத்த துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண் குழந்தை. அழுதது. நான் பம்பில் சாய்ந்து கொஞ்சம் அழுதேன்.

"மூணு பேரா வந்தோம், இப்ப நாலு பேர். ஆனா எடை மாறல" என்றார் கன்னோ, கதவு வழியாக எட்டிப் பார்த்து. ஃபுமியே கழுத்துத் துண்டைக் கழற்றி அவர் மேல் வீசினார்.

"அப்பா, பாப்பாவுக்குக் குளிருது. ஹீட்டர் போடுங்க" என்றாள் மிசுஹோ.

நின்ற இடத்தில் இன்ஜினை ஓட விடுவதா? சிவப்பு விளக்கில் பத்து வினாடி நின்றாலே அணைக்கிற மனிதர் அவர். நான் அவர் முகத்தையே பார்த்தேன். முன்சீட்டில் ஏறினார். சாவியைத் திருப்பினார். ஹீட்டர் திருகை ஒன்றிலிருந்து நான்குக்குக் கொண்டுபோனார். பதினொரு வருடமாக ஒன்றைத் தாண்டாத திருகு கறகறவென்று கத்தியது. முப்பத்தெட்டு நிமிடம் அந்த வண்டி ஓர் அங்குலம்கூட நகராமல் பெட்ரோல் குடித்தது. அவர் ஒருதடவைகூட பெட்ரோல் முள்ளைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, குழந்தையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஆம்புலன்ஸ் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அவரும் பின்னாலேயே போவார் என்று நினைத்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"ஃபுல் பண்ணுங்க."

"இப்பத்தானே சார் போட்டேன்?"

"நின்னபடி எவ்வளவு குடிச்சதுன்னு தெரிய வேணாமா?"

‘டக்’ என்று நின்றபோது 0.62 லிட்டர். கால்குலேட்டரை எடுத்தார். பூஜ்யம் கிலோமீட்டரை 0.62ஆல் வகுத்தார். விடை பூஜ்யம். நம்பாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"கடைசிப் பக்கத்துல எழுதிருங்க சார், சராசரிக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். மனம் கேட்கவில்லை, அந்த இருபதுக்கு நானும் இத்தனை வருடம் கை கொடுத்தவள்தானே.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேசறீங்க ஹொஷிகவாம்மா? கணக்குல சேராதவைன்னு போட்ட பக்கத்துலயா என் பேத்திய எழுதறது?"

கடைசிப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார். பதினொரு வருட வரிகளுக்கு அடியில், அதே பேனாவில், பூஜ்யத்தை எழுதினார்.