போட்டு வாங்கோ

எங்கள் வீட்டில் எவரும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டு வேலிப் படலையைத் தாண்டியதில்லை. கடைக்குப் போனாலும் கடலுக்குப் போனாலும் ‘போட்டு வாறன்’தான், போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று. போகிறவர் அப்படிச் சொன்னால், வீட்டிலிருக்கிறவர் ‘ஓம், போட்டு வாங்கோ’ என்று வாய் திறந்து அனுப்பிவைக்க வேண்டும். சும்மா தலையாட்டினால் அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும். பாண்காரருக்கும் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவருக்கும்கூட நான் அதைத் தவறாமல் சொல்லுவேன். எட்டு வயதில் என்னிடமிருந்த ஒரே கெட்டித்தனம் அதுதான். கணக்கில் நான் சரியான மொக்கு.

உள்நாட்டுச் சண்டை முடிந்தபின் எங்கள் சின்ன ஊருக்கு நகரசபைத் தேர்தல் வந்தது. கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீர் தாங்கி பூட்டிய பவுசர் லொறியில் வரும். அது எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஹோர்ன் சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வாளியும் கானுமாக ஓடுவார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள்தான் அம்மாவைப் பிடித்துத் தேர்தலுக்குள் தள்ளிவிட்டார்கள். அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பெண்களின் சட்டை அளவு அவருக்கு மனப்பாடம். “உங்களுக்குத்தான் அக்கா பயமில்லாமல் கதைக்கத் தெரியும்” என்றார்கள். அம்மாவும் அதை நம்பிவிட்டார்.

அவர் சேர்ந்த சுயேச்சைக் குழுவுக்கு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில் சின்னமாகக் கிடைத்தது. தண்ணீர் இல்லாத ஊருக்குக் கேத்தில் எதற்கு என்று சந்திக் கடைக்காரர் பகிடி விட்டார். அம்மா சளைக்கவில்லை. “தண்ணி வரட்டும் அண்ணை, முதல் தேத்தண்ணி உங்களுக்குத்தான்” என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் துண்டுப்பிரசுரக் கட்டைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் வீடு வீடாக, ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தேன். அம்மா வாக்குக் கேட்டு முடிய, நான் “கேத்திலுக்குப் போடுங்கோ” என்று ஒரு தாளை நீட்டுவேன். அந்த நாட்களில் என் அம்மாவைப்போல அழகான பெண் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு இதொன்றும் பிடிக்கவில்லை. மாரிக்கடலில் தனியே தொழிலுக்குப் போகிற மனிதர், ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் கதையை நிறுத்திவிடுவார். காரணம் இல்லாமல் இல்லை. சண்டைக் காலத்தில் இரண்டு பேர் வந்து, அம்மாவின் தம்பியை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா சேட்டுப் பொத்தானைப் பூட்டியபடியே “அக்கா, போட்டு வாறன்” என்றாராம். அம்மா “போட்டு வா” என்றாராம். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இதையெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் கேட்டு அறிந்தேன். அப்போது எனக்கு மாமா என்றால் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு படம், அவ்வளவுதான்.

தேர்தலுக்குக் கிட்டடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. என்னைப் பக்கத்து வீட்டு அன்ரியின் பொறுப்பில் விட்டுவிட்டு அம்மா வாக்குக் கேட்கப் போனார். அப்பா கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் பவுசர் ஹோர்ன் அடித்தது. “அசையாமல் படுத்திரு” என்று சொல்லிவிட்டு அன்ரி வாளியோடு ஓடினார். ஒழுங்கையே காலியாகிவிட்டது. அப்போதுதான் அந்த மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதற்கு நம்பர் தகடு இருக்கவில்லை. அப்படியும் மோட்டார் சைக்கிள்கள் இருக்குமாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

வந்த இருவரும் மிகவும் மரியாதையானவர்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் விறாந்தையில் ஏறினார்கள். “பிள்ளை, அம்மா நிக்கிறாவோ?” என்று உயரமானவர் கேட்டார். இல்லை என்றேன். என்ன சுகமில்லையோ என்று கேட்டு, நெற்றியில் கை வைத்தும் பார்த்தார். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்பு என்றெல்லாம் விசாரித்தார்.

“ஆரோடை பள்ளிக்கூடம் போறனீங்கள்?”

“தனியத்தான். கடற்கரை ஒழுங்கையாலை.”

“கெட்டிக்காரி” என்றார்.

கெட்டிக்காரி என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. காய்ச்சலே பறந்துவிட்டது. ஓடிப்போய் ஆளுக்கொரு துண்டுப்பிரசுரம் எடுத்துவந்து, “என்ரை அம்மாவுக்குப் போடுங்கோ, கேத்தில்” என்றேன். மற்றவர்கள் வாங்கி அப்படியே கசக்குவார்கள். இவர்களோ அதை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். பிறகு படலையில் நின்று உயரமானவர் சொன்னார்:

“அப்ப பிள்ளை, நாங்கள் போட்டு வாறம்.”

“ஓம், போட்டு வாங்கோ.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பின்னேரம் அம்மா வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். இரண்டு புது வாக்குச் சேர்த்துக் கொடுத்த பெருமை எனக்கு. நம்பர் தகடு இல்லை என்றபோதே அப்பா விறாந்தைக் குந்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கடற்கரை ஒழுங்கை என்றதும் அம்மாவின் முகம் மாறியது.

“போகேக்கை என்ன சொன்னவை?”

“போட்டு வாறம் எண்டவை.”

“நீ என்ன சொன்னனீ?”

“போட்டு வாங்கோ எண்டு சொன்னன்.”

அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அவர் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்த கையாலேயே என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டார். எனக்கு நோவைவிட ஆச்சரியம்தான் அதிகம். அவர் சொல்லித்தந்ததைத்தானே சொன்னேன்.

அன்று பொழுதுபடும்வரை அம்மாவும் அப்பாவும் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எல்லாரும் சொல்லுறதுதானே. உவையும் பழக்கத்திலை சொல்லியிருப்பினம்” என்றார் அப்பா.

“பழக்கத்திலை சொல்லுறவை பிள்ளை பள்ளிக்கூடம் போற பாதையை ஏன் கேக்கினம்?”

 அதற்கு அப்பா, நான் இன்றுவரை நினைத்து வியக்கிற ஒன்றைச் சொன்னார். “நீ தேர்தலை விடாதை. நாளையிலையிருந்து நானும் உன்னோடை வாறன்.”

அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். “எனக்கும் உங்களுக்கும் மட்டும் எண்டால் நான் யோசிக்கமாட்டன். இவளெல்லே அவைக்கு வாங்கோ எண்டு சொல்லியிருக்கிறாள்.”

மறுநாள் படலையில் கட்டியிருந்த கேத்தில் படத்தை அப்பா அவிழ்த்துக்கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அம்மாவைக் கேட்டு வந்தவர்களிடம் அவருக்குச் சுகமில்லை என்றார். வரிசையில் நின்று அம்மாவைத் தள்ளிவிட்ட பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு விளங்கியிருக்கும். வாக்குச்சீட்டில் கேத்தில் அப்படியே இருந்தது. கொஞ்சப் பேர் அதற்குப் போட்டும் இருந்தார்கள். தோற்றது அம்மாவுக்குக் கவலையாக இருந்ததா என்று தெரியாது. பவுசர் முன்புபோலவே நினைத்த நேரத்தில் வந்தது. அந்த இருவரும் திரும்பி வரவே இல்லை. சும்மாதான் சொன்னார்களோ, வேண்டுமென்றே சொன்னார்களோ, கடைசிவரை எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

ஆனால் தேர்தலும் தோல்வியும் பிறகு நடந்தவை. காய்ச்சல் விட்டு நான் பள்ளிக்கூடம் போன முதல் நாள், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பெரிய வீதியால் சுற்றிக் கூட்டிப்போனார். என்னை உள்ளே விட்டபிறகும் திரும்பிப் போகவில்லை. எதிரே இருந்த வாகை மரத்தின்கீழ் நின்றார். இடைவேளைக்கு வந்து பார்த்தேன், அங்கேயே நின்றார். தைக்க வேண்டிய சட்டைகள் வீட்டில் குவிந்து கிடந்தன. “உன்ரை அம்மா ஏன் உதிலை நிக்கிறா?” என்று வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை கேட்டாள்.

“வோட்டுக் கேக்கிறா” என்றேன், பெருமையாக.

ஆனால் அம்மாவின் கையில் தாள் ஒன்றும் இல்லை. மறந்துபோய் வந்துவிட்டாராக்கும். என் புத்தகப் பைக்குள் ஒரு துண்டுப்பிரசுரம் மிச்சம் கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடிப்போய், “இதைக் குடுத்துக் கேளுங்கோ அம்மா” என்று நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டார். கண்கள் வீதியிலேயே இருந்தன. மணி அடித்தது.

“போட்டு வாறன் அம்மா” என்றேன்.

பதில் வரவில்லை. காதில் விழவில்லையாக்கும் என்று, இன்னும் கொஞ்சம் உரத்து இன்னொரு தரம் சொன்னேன்.