காற்புள்ளி ஃபைலும் லாங் ஐலண்ட் கியர்பாக்ஸும்

வாட்ஸ்அப்பில் ஒருத்தர் மூன்று வரி அனுப்பிவிட்டு நிறுத்தினால், சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டாரா, இல்லை அவருக்கு நெட் போய்விட்டதா, உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா? நான் சொல்வேன் என்று நினைத்தேன். அதற்கு ஒரு புரோகிராமே எழுதினேன். அதை நம்பி ஒரு அக்கா லாங் ஐலண்டுக்குப் போகிற போட்டைத் தவறவிட்டார்.

எங்கள் ஆபீஸ் அந்தமானில், போர்ட் பிளேர் மரைன் ஹில் ஏற்றத்தில் ஒரு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் கீழே துறைமுகம், மூடினால் ஏசி சத்தம். ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று முதலாளி, நான் அண்ணா என்று கூப்பிடுகிற ஆள். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இவர் பிறந்தது இங்கே. வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி ஹிந்தி. நான் மெயின்லேண்டில் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தேன். கேம்பஸில் எடுத்த கம்பெனி சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. சும்மா இருப்பதற்குப் பதில் இங்கே வந்து உட்கார்ந்தேன்.

வேலை என்னவென்றால், சென்னையிலிருந்து கப்பல் கிளம்பினால் இங்கே வர மூன்று நாள் ஆகும். அதில் என்னென்ன சரக்கு வருகிறது என்ற பட்டியலை அங்கிருக்கிற மூன்று ஏஜென்டுகள் அனுப்புவார்கள். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்காரர், கடைக்காரர், படகு வைத்திருப்பவர் என்று ஆளாளுக்கு எங்களைக் கேட்பார்கள்: "என் சாமான் ஏறிடுச்சா?" ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பிசினஸ்.

மூன்று ஏஜென்ட், மூன்று விதமான ஃபைல். முதல் ஆள் ஜேசன் என்கிற வகை ஃபைல் அனுப்புவார். எல்லாமே அடைப்புக்குறிக்குள் அழகாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவது ஆள் எக்ஸ்எம்எல். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு பலகை, பின்னால் ஒரு பலகை, கல்யாண வீட்டு வாசல் மாதிரி. மூன்றாவது ஆள் சிஎஸ்வி. ஒரு சரக்குக்கு ஒரு வரி, நடுவில் காற்புள்ளிகள், வேறு எந்த ஜோடனையும் கிடையாது. அதுவும் சேமித்து வைத்த ஃபைல் இல்லை. அவர்கள் மெஷின் ஒவ்வொரு வரியாக எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், மொத்தம் எவ்வளவு என்று முன்னாடியே சொல்லாது.

நான் வருவதற்கு முன் அண்ணா ஃபைல் முழுசாக இறங்கும்வரை காத்திருந்து, பிறகு திறந்து பார்ப்பார். மழை பிடித்தால் நெட் போகும். போனால் மறுபடி முதல் வரியிலிருந்து. ஒரே ஃபைலை ஏழு தடவை இறக்கியதை என் கண்ணால் பார்த்தேன். எட்டாவது தடவைக்குள் கப்பலே வந்துவிட்டது.

"அண்ணா, முழுசா வர்றவரைக்கும் ஏன் உக்காந்திருக்கணும்? வர வரப் படிச்சிட்டே போலாம்."

"மூணு ஃபைலும் மூணு மாதிரி இருக்கே, கைசே? எப்படி?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க டீ சொல்லுங்க."

இரண்டு வாரம் அதில் மூழ்கினேன். என் யோசனை சிம்பிளானது. சரக்கு நிலவரம் காட்டுகிற திரைக்கு எந்த ஃபைல் எந்த வகை என்று தெரியவே கூடாது. அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "அடுத்து?" உள்ளே இருக்கிற பார்சர், அதாவது ஃபைலைப் பிரித்துப் படிக்கிற பகுதி, மூன்றில் ஒரு பதில் சொல்லும். ஒன்று, "இதோ ஒரு சரக்கு." இரண்டு, "முடிந்தது." மூன்று, "நடுவில் அறுந்தது." ஜேசனோ, எக்ஸ்எம்எல்லோ, சிஎஸ்வியோ, வெளியே இருப்பவருக்கு இந்த மூன்றே பதில்தான். நாளைக்கு நாலாவது ஏஜென்ட் புதுசாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் திரையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

ஒரு வில்லங்கத்தையும் முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தேன். கப்பலில் இடம் போதாமல் சென்னையிலேயே விட்டுவிட்டு வருகிற சரக்கை ஷட் அவுட் என்பார்கள். முதல் இரண்டு ஏஜென்டுகள் அந்தச் சரக்கின் பக்கத்திலேயே அதைக் குறித்துவிடுவார்கள். சிஎஸ்விக்காரர் மட்டும் எல்லாச் சரக்கையும் முதலில் வரிசையாகப் போட்டுவிட்டு, விட்டுப்போனவற்றை அடியில் தனியாகச் சேர்ப்பார். அதனால் "முடிந்தது" வரும்வரை எதையும் ஏறிவிட்டது என்று பச்சையாகக் காட்டக் கூடாது என்று வைத்திருந்தேன். புத்திசாலி இல்லையா நான்?

அந்த அக்காவுக்கு ஊர் லாங் ஐலண்ட் தீவு. முப்பத்தைந்து வயது இருக்கும். அவரும் வீட்டுக்காரரும் ஒரு எஞ்சின் படகு ஓட்டுகிறார்கள். கியர்பாக்ஸ் போய்விட்டது. புதுசு சென்னையிலிருந்து வர வேண்டும், அதுவும் அந்த சிஎஸ்வி ஏஜென்ட் மூலம். அதை வாங்க போர்ட் பிளேர் வந்து, எங்கள் தெருவிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். தினம் இரண்டு தடவை மாடி ஏறுவார். கையில் எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே முழுக்க கண்ணாடி வளையல்.

"எதுக்குக்கா இத தூக்கிட்டே அலையறீங்க?"

"அந்த வீட்ல ரெண்டு வாலு இருக்குடி. வச்சிட்டு வந்தா ஒண்ணு மிஞ்சாது. வெள்ளிக்கிழமை என் தங்கச்சிக்கு வளைகாப்பு. ஒரே தங்கச்சி. அம்மா இல்ல, நான்தான் மொத வளையல் போடணும்."

அந்த வாரம் கடல் சரியில்லை. இங்கிருந்து நேராக லாங் ஐலண்டுக்குப் புதன் காலையில் ஒரு போட், அதை விட்டால் சனிக்கிழமை. கப்பல் வியாழன் காலையில் வரும். கியர்பாக்ஸ் அதில் இருந்தால், அக்காவுக்குத் தெரிந்த ஒரு மீன்பிடி லாஞ்ச் வியாழன் மதியம் அந்தப் பக்கம் போகிறது. இந்த எடையை ஏற்றிக்கொண்டு அவரையும் கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருந்தார்கள். சாமான் இல்லையென்றால் லாஞ்ச் அங்கே போகாது, நேராக வேறு பக்கம் போய்விடும். ஆக, கியர்பாக்ஸ் கப்பலில் இருந்தால் அக்கா தங்கலாம். இல்லையென்றால் புதன் போட்டிலேயே ஏறிவிட வேண்டும்.

செவ்வாய் சாயங்காலம் ஐந்து மணி, இங்கே அதற்குள் இருட்டிவிடும், மழை வேறு. சிஎஸ்வி வரி வரியாக வந்துகொண்டிருந்தது. நூற்றி எழுபதாவது வரியில் கியர்பாக்ஸ். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நூற்றுத் தொண்ணூறாவதோடு வரிகள் நின்றன. பார்சர் "முடிந்தது" என்றது. திரை பச்சையானது.

"வந்துடுச்சுக்கா! கப்பல்ல இருக்கு."

"பக்காவா?"

"பக்கா."

"யோசிச்சு சொல்லுடி. காலைல போட்ட விட்டா எனக்கு வேற வழி இல்ல."

"அக்கா, நான் எழுதுனது. பக்கான்னா பக்கா."

புதன் காலை பத்து மணிக்கு, போட் போன பிறகு, அண்ணா பழைய பழக்கத்தில் அதே ஃபைலை முழுசாக இறக்கிப் பார்த்தார். "அரே, நீ நூத்தித் தொண்ணூறு வரின்னு சொன்ன. இதுல இருநூத்திப் பதிமூணு இருக்கே." கடைசி இருபத்து மூன்று வரியும் ஷட் அவுட். அதில் ஒன்பதாவது, கியர்பாக்ஸ்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மழையில் நெட் நின்றபோது நடுவில் இருந்த ஏதோ ஒரு நெட்வொர்க் பெட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்ததுபோல மரியாதையாக இணைப்பை மூடியிருக்கிறது. ஜேசனாக இருந்தால் கடைசி அடைப்புக்குறி வரவில்லையே என்று என் பார்சர் கத்தியிருக்கும். எக்ஸ்எம்எல்லாக இருந்தால் மூடுகிற பலகை எங்கே என்று கேட்டிருக்கும். சிஎஸ்விக்கு மூடுகிற எதுவும் கிடையாது. பாதி வரியில் அறுந்திருந்தாலாவது பிடித்திருப்பேன். சரியாக ஒரு வரியின் முடிவில் அறுந்தது. அறுந்த சிஎஸ்வியும் முடிந்த சிஎஸ்வியும் பார்ப்பதற்கு ஒன்றேதான். மூன்று வகைக்கும் ஒரே பதிலை வைத்தது நான். அதில் ஒரு வகையால் அந்தப் பதிலைச் சொல்லவே முடியாது என்று யோசிக்காததும் நான்தான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முதலில் பெட்டியைக் கட்டிலில் வைத்தார்.

"முடிஞ்சிடுச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் வரலக்கா."

"வரலன்னா முடிஞ்சிருச்சா? நாங்க படகுல ஐஸ் பெட்டி எறக்குறோம். உள்ள நிக்கிறவன் 'காலி'ன்னு கத்தணும். கத்தாம மேல இருக்கவன் கயித்த அவுப்பானா? உள்ளவன் பீடி புடிச்சிட்டு நிக்கலாம், வழுக்கி விழுந்து கெடக்கலாம். படிக்காதவனுக்குத் தெரியுது. நாலு வருஷம் என்னத்தடி படிச்ச?"

போனில் பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்தேன். 

மிச்சமிருந்தது ரோடு மட்டும். வியாழன் விடியற்காலை பஸ்ஸில் ரங்கத் போய், அங்கிருந்து எரட்டா படகுத்துறையில் சின்ன போட் பிடித்தால் லாங் ஐலண்ட். பஸ் ஸ்டாண்டுவரை வளையல் பெட்டியை நான் தூக்கிப் போனேன். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "போய் அந்தக் காலிய எழுது, போ" என்றார். ஜன்னலைச் சாத்திவிட்டார்.

எரட்டாவில் அன்றைக்கு மதியப் போட் கடலைப் பார்த்துவிட்டு ஓடவில்லை. ரங்கத்தில் யாரோ தெரிந்தவர் வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை காலைப் போட்டில் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. நல்ல நேரம் பத்தரையோடு முடிந்திருந்தது. லாங் ஐலண்ட் கடையில் கிடைத்த பிளாஸ்டிக் வளையலை வேறு யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். அக்கா எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். இலையில் கொஞ்சம் புளிசாதம், பக்கத்தில் பதினோரு உடைந்த வளையல். கீழே ஒரு வரி: "மத்த சாதம் எல்லாம் காலி. இதுக்கு எவனும் கத்தல."

திங்கட்கிழமை சென்னை ஏஜென்ட் ஆபீசுக்கு போன் போட்டேன். எடுத்தவர் அங்கே பட்டியல் அடிக்கிறவர்.

"சார், லிஸ்ட் முடிஞ்சதும் அடியில ஒரு வரி சேக்க முடியுமா? முடிஞ்சுதுன்னு?"

"இன்னா மேடம், முடிஞ்சா முடிஞ்சுதுன்னு தெரியாதா? அதுக்கப்புறம் ஒண்ணும் வராது."

"நெட் போனாலும் ஒண்ணும் வராது சார்."

"அட, ஆமால்ல." பிறகு, "மொத்தம் எத்தினி வரின்னு போடணுமா?"

"போட்டா நல்லது."

"அதெல்லாம் வாணாம். தப்பா அடிச்சேன்னு வையி, அதுக்கும் ஒரு போன் போடுவ. ஒரு வார்த்த சொல்லு, போட்டுடறேன்."

காலி என்று போடச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. ஆங்கில எழுத்தில் எப்படி அடிப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் என் அழகான மூன்று பதிலை உடைத்தேன். இப்போது நாலு. "முடிந்தது" என்று பார்சர் இஷ்டத்துக்குச் சொல்ல முடியாது. ஃபைலுக்குள்ளேயே யாராவது அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஜேசனில் கடைசி அடைப்புக்குறி, எக்ஸ்எம்எல்லில் மூடுகிற பலகை, சிஎஸ்வியில் காலி. அறுந்தது தெளிவாகத் தெரிந்தால் "அறுந்தது." எதுவும் சொல்லாமல் நின்றுவிட்டால் நாலாவது பதில்: "தெரியாது." திரையில் மஞ்சள். இது அசிங்கமான டிசைன் என்று இரண்டு நாள் எனக்குள்ளேயே சண்டை போட்டேன். தெரியாது என்று சொல்வதற்கா ஒருத்தி கம்ப்யூட்டர் படிக்கிறாள்?

அண்ணாவுக்கும் பிடிக்கவில்லை. "பச்சை ஓகே. சிவப்பு ஓகே. யே மஞ்சள் க்யா ஹை, என்னது இது? கஸ்டமர் கேட்டா ஹாங்-ஆ, நஹீங்-ஆ? ஆமாவா, இல்லையா?"

"தெரியலன்னு சொல்லுங்க."

"தெரியலன்னு சொல்றதுக்கு ஆபீஸ் எதுக்கு?"

"தெரியாம ஹாங் சொல்றதுக்கு மட்டும் எதுக்குண்ணா?"

அவர் டீ சொல்லப் போய்விட்டார்.

விட்டுப்போன கியர்பாக்ஸ் அடுத்த கப்பலில் ஏற வேண்டும். அந்தப் பட்டியல் இன்றைக்கு மதியத்திலிருந்து வருகிறது. நாளைக் காலை லாங் ஐலண்டிலிருந்து இங்கே ஒரு போட் வருகிறது. பச்சை என்றால் அக்கா அதில் ஏறி சாமானை எடுக்க வருவார். இல்லையென்றால் கடலில் ஒரு நாளைக் கெடுக்க மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. தங்கையைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேளைக்குள் படகு ஓட வேண்டும் என்று இந்தத் தடவை தேதி போட்டே சொல்லியிருக்கிறார். அரை மணிக்கு ஒரு தடவை மெசேஜ்.

"என்னடி?"

"லிஸ்ட்ல இருக்குக்கா. ஷட் அவுட்ல இதுவரைக்கும் இல்ல."

"காலி வந்துச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் பேசற?"

மழை ஆரம்பித்துவிட்டது. இருநூற்று நாற்பத்தொரு வரி வந்து நின்றிருக்கிறது, காலி வரவில்லை. திரை மஞ்சளில் நிற்கிறது.