கொல்லைக்கு ரெண்டு ஸ்பீக்கர்

பெயிண்டருக்கு வேலை செய்யும் இடத்தில், கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, ரசமட்டம் என்று பேர். சுவரில் ஒரு கோடு போட்டால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூலளவு ஏறி இறங்கக் கூடாது அவருக்கு. வீட்டுக்காரரே "போதும் விடுங்க" என்றாலும் ஏணியைத் திரும்பச் சாத்தி ஏறிவிடுவார். கோணலாகத் தொங்கும் காலண்டரைக் கண்டால், அது யார் வீடாக இருந்தாலும் சரி, எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்துதான் மீதிப் பேச்சு. மற்றபடி பீடி, குடி ஒன்றும் கிடையாது. ஆண்டவன் கொடுத்த ஒரே வியாதி இதுதான்.

அந்த மனுஷன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கர் விற்கிற கடையில் போய் நின்றார். பாட்டுக் கேட்க அல்ல. மனைவியை வீட்டிலேயே வைத்துக்கொள்ள.

எட்டு மாதத்தில் அந்த அம்மாவுக்குக் கண் போய்விட்டது. நரம்பு காய்ந்துவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்குள் கஷ்டமில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே சமைப்பார், பெருக்குவார். கஷ்டமெல்லாம் கொல்லையில்தான். பின்வாசல் படியிலிருந்து இடது மூலையில் இருக்கும் கக்கூஸுக்குப் பதினெட்டு எட்டு. நடுவில் வெறும் மண். தொட்டுக்கொண்டு போக ஒரு செடி கூடக் கிடையாது. கொஞ்சம் நிழலாகத் தெரிந்த நாளில் பெயிண்டர் படியிலிருந்து அங்கே வரை ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பில் வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் அந்த அம்மா அதைப் பார்த்துப் பார்த்து நடந்தார். அப்புறம் அந்த வெள்ளையும் கண்ணிலிருந்து மறைந்தது. கயிறு கட்டிப் பார்த்தார். "நான் என்ன முளையில கட்டுன மாடா?" என்று அந்த அம்மா தன் கையாலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டார்.

பெயிண்டர் காலையில் எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவார். அந்தப் பத்து மணி நேரமும் அந்த அம்மா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, டாக்டர் அதட்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெயிண்டர் ஆஸ்பத்திரி பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்குச் செய்தி போனது. போனில் ஒரே பிடி.

"ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். அப்பா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

போனை அந்த அம்மா வாங்கிக்கொண்டார். "வா. வந்து பாரு. ஒருத்தரும் தொடாம, ஒருத்தரும் பேசாம நானா போய் நானா திரும்பி வந்தா நீ பேசாம ஊருக்குப் போயிடணும். முடியலைன்னா என் பெட்டியை நீயே கட்டு." போனை வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "பாசமாத்தான் வெச்சுக்குவா. ஆனா ஏங்க, இந்த வீட்ல எனக்குக் கண்ணு மட்டும்தான் தெரியலை. அங்க போனா ஒண்ணுமே தெரியாதே."

யோசனையும் அந்த அம்மாவுடையதுதான். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடினால் அவர் முகம் தானாக அந்தப் பக்கம் திரும்பும். "கக்கூஸ் கதவுல ஒரு பாட்டு பாடிக்கிட்டே இருந்தா, பாட்டைப் பாத்து நடந்துட மாட்டேனா?"

கடைக்காரப் பையன் நல்ல பிள்ளை. "பார்ட்டிக்கா சார்? வெளியில வெச்சுக் கேக்கவா?"

"வெளியிலதான் தம்பி. கக்கூஸுக்கு."

பையன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தான். திம் திம் என்று அலமாரிக் கண்ணாடியே ஆடியது. பெயிண்டர் கடைக் கோடிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப அதை எங்கேயாவது தூக்கி வை. நான் கையை நீட்டுறேன்."

நீட்டினார். ஸ்பீக்கர் இருந்தது வலப்பக்கம். கை நீண்டது கல்லாவில் இருந்த முதலாளியை நோக்கி. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இது வேணாம். சத்தம் தரையிலேர்ந்து வருது, முதுகிலேர்ந்தும் வருது. எங்கே இருக்குன்னு சொல்ல மாட்டேங்குது."

ஆறு ஸ்பீக்கர் பார்த்தார். ஒன்று சுவருக்குப் பின்னால் போனைக் கொண்டுபோனதும் விக்கி விக்கி நின்றது. ஒன்றில் நாலு மணி நேரத்துக்கு மேல் சார்ஜ் நிற்காது. கடைசியில் சோப்பு டப்பா அளவில் ஒன்று. திம்மென்ற அதிர்வு இல்லை, பாடுகிறவர் குரல் மட்டும் ஊசி மாதிரி வந்தது. கண்ணை மூடி மூன்று தடவை கை நீட்டினார், மூன்று தடவையும் சரி. பையன் அதைக் குழாய்த் தண்ணீரில் காட்டினான், அப்போதும் பாடியது. பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்றான்.

அதோடு கிளம்பியிருக்கலாம். பையன் இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "ரெண்டா வாங்குங்க சார். ஒரே போன்ல ரெண்டும் சேர்ந்து ஒண்ணா பாடும்."

பெயிண்டர் யோசித்தார். இடது மூலையில் கக்கூஸ். வலது மூலையில் துணி காயப்போடும் கம்பம். அங்கேயும் ஒன்று மாட்டினால் துணி காயப்போடவும் போகலாமே. உள்ளதைச் சொன்னால், ஒரு பக்கம் மட்டும் தொங்குவது அவர் மனசுக்கு ஒப்பவில்லை. இரண்டாக வாங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் ஒரு பாடம் நடந்தது. "சத்தம் நின்னா கால் நிக்கணும். சார்ஜ் போகலாம், விக்கலாம். எதுவானாலும் சத்தம் இல்லைன்னா அடி எடுத்து வைக்கக் கூடாது." அவர் போனில் பாட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டார். அந்த அம்மாவும் கூடத்தில் நின்று நின்று நடந்தார். "கல்யாணத்துக்குக் கூட நீங்க என்னை இப்படி நடக்க வெச்சுப் பாக்கலை" என்று சிரித்தார்.

ஞாயிறு விடிந்ததும் பெயிண்டர் கொல்லையில் நூல் பிடித்தார். படியிலிருந்து கக்கூஸ் கதவுக்குப் பதினெட்டு எட்டு, கம்பத்துக்கும் பதினெட்டு எட்டு. தரையிலிருந்து உயரமும் ஒன்றே. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. நடக்கவிட்டுப் பார்க்கலாம் என்று மனைவியைக் கூப்பிடப் போனபோது வாசலில் மகளின் குரல் கேட்டது. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள், காலிப் பெட்டியோடு.

அந்த அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்வாசல் படிக்கு வந்து நின்றார். "இப்பவே பாத்துடலாம். ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

பெயிண்டர் மனைவியின் போனில் பக்திப் பாட்டைப் போட்டார். இரண்டு ஸ்பீக்கரும் பாடின. அந்த அம்மா தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். சாமி கும்பிடுகிறார் என்று பெயிண்டர் நினைத்தார். பிறகு இறங்கி நடந்தார். தயக்கமே இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு எட்டு. ஐந்து. அப்போதுதான் பெயிண்டர் கவனித்தார். இடது பக்கம் திரும்ப வேண்டியவர் திரும்பவே இல்லை. இரண்டு மூலைக்கும் நடுவில், நேராகப் போகிறார். நேரே தரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. ஆள் ஆழம். சிமெண்டு மூடி உடைந்து, துருப்பிடித்த தகரத்தைப் போட்டு மூடி ஒரு மாதமாகிறது. அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர் அவர்தான்.

ஏழு. கத்தினால் பெட்டி கட்ட வேண்டியதுதான். எட்டு. போனைப் பார்த்தார். திரை அணைந்து பூட்டிக்கொண்டிருந்தது. பெயிண்ட் காய்ந்த விரலால் தடவினார், திறக்கவில்லை. ஒன்பது. ஆண்டவனே, ஆண்டவனே. பக்கவாட்டில் சத்தம் குறைக்கிற பட்டன் கட்டைவிரலில் பட்டது. அப்படியே அமுக்கிப் பிடித்தார். பாட்டு தேய்ந்தது, தேய்ந்தது, நின்றது.

கால் நின்றது. கால் கட்டைவிரலுக்கும் தொட்டித் தகரத்துக்கும் நடுவே ஒரு சாண்.

மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "போதும்மா. போதும். பெட்டியைக் கட்டலாம்."

"ஏன் நிறுத்துனீங்க?" என்றார் அந்த அம்மா. "எனக்கு முன்னாடி என்ன இருக்கு?"

"தொட்டி" என்றாள் மகள்.

அந்த அம்மா அங்கேயே குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் தகரத்தைத் தடவினார். வெகுநேரம் தடவினார். "பாட்டு இதுக்கு மேலேர்ந்துதான் வந்துச்சு. சத்தியமா. ரெண்டையும் எங்கே மாட்டுனீங்க?"

"ரெண்டு மூலையிலயும்."

"அளந்தா?"

"அளந்துதான்."

"நூல் பிடிச்சா?"

"ஆமா" என்றார் பெயிண்டர், தலையைக் குனிந்துகொண்டு.

"ரசமட்டம்னு சும்மாவா பேர் வெச்சாங்க! ரெண்டு சத்தமும் சமமா வந்தா நடுவுலதானே கேக்கும்? நேரா தொட்டிக்குள்ள இறக்கப் பாத்தீங்களே!"

மகள் நம்பவில்லை. விடுவிடு என்று படிக்குப் போனாள். "பாட்டைப் போடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கண்ணைத் திறந்தபோது அவள் விரல் தகரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நேரே கம்பத்துக்குப் போய் அந்த ஸ்பீக்கரை அணைத்துக் கழற்றினாள். பிறகு தொட்டிக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காவல் நின்றாள்.

அந்த அம்மா மறுபடி படியிலிருந்து இறங்கினார். இப்போது முகம் முதலிலேயே இடது பக்கம் திரும்பிவிட்டது. பதினெட்டு எட்டு. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பெயிண்டர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஆனால் வெளியே வந்த அந்த அம்மா கதவோரமே நின்றார். முன்னால் ஒரு சத்தமும் இல்லை. பாட்டு முதுகுக்குப் பின்னால். எந்தப் பக்கம் வீடு? வலது காலை எடுத்தார், திரும்ப வைத்தார். போவதற்கு யோசித்தவர்கள் வருவதற்கு யோசிக்கவில்லை. பெயிண்டர் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அப்பாவைத் தாண்டிப் பின்வாசல் படியேறினாள்.

"அம்மா! பாலை அடுப்புல வெச்சுட்டு அணைக்காம வந்திருக்கியே! அடுப்பெல்லாம் பாலு! வீட்டைக் கொளுத்தவா பாக்கறே?"

அந்த அம்மா அந்தக் குரலை நோக்கி நடந்தார். மகள் திட்டிக்கொண்டே இருந்தாள், படியில் அம்மாவின் கால் தட்டும் வரைக்கும்.

"பேசக் கூடாதுன்னு சொன்னேனே."

"உன்கிட்ட யார் பேசினா? பாலைத் திட்டினேன்."

பால் உண்மையிலேயே பொங்கியதா, இல்லை அவள் வேண்டுமென்றே கத்தினாளா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். பெயிண்டர் உள்ளே போய்ப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

காலிப் பெட்டி காலியாகவே சாயங்காலம் பஸ் ஏறியது. ஏறுவதற்கு முன் மகள் தன் பையிலிருந்த பழைய போனை எடுத்து, அதில் தன் குரலைப் பதிந்து, கழற்றி வைத்த ஸ்பீக்கரோடு சேர்த்துப் பின்வாசல் நிலையில் மாட்டிவிட்டாள். மறுநாள் பெயிண்டர் வேலைக்கு லீவு போட்டுத் தொட்டிக்குப் புது சிமெண்டு மூடி போட்டார்.

இப்போதெல்லாம் கக்கூஸ் கதவில் பகல் முழுக்கப் பக்திப் பாட்டு. பின்வாசலில் மகளின் குரல், சுற்றிச் சுற்றி அதையே கேட்கிறது: "அம்மா, அடுப்பை அணைச்சியா? மாத்திரை போட்டியா? தண்ணி குடிச்சியா?"

நிலையில் அந்த ஸ்பீக்கர் கொஞ்சம் கோணலாகத்தான் தொங்குகிறது. பெயிண்டர் தினமும் பார்க்கிறார். கை வைப்பதில்லை.

"அணைச்சுட்டேண்டி, குடிச்சுட்டேண்டி" என்று பதில் சொல்லிக்கொண்டே அந்த அம்மா வீட்டுக்கு வருகிறார்.