மூடி மாறும் நாற்பத்திரண்டு போன்கள்

திண்டிவனத்தில் என் வீட்டின் கீழ்ப்பகுதியில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார் லூர்துசெல்வி. வயது முப்பத்தொன்று. விழுப்புரத்தில் விருத்தாசலம் என்பவரின் கடையில் ஆறு ஆண்டு நான்கு மாதம் வேலை பார்த்தவர். 2022 ஜூன் 6, திங்கட்கிழமை இங்கே கடை திறந்தார்.

அனந்தபுரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் பெண்களின் சங்கத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் நாற்பத்திரண்டு போன்கள் கொடுத்திருந்தது. எல்லாம் திறந்த மூலப் போன்கள். உள்ளே ஓடும் மென்பொருளை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். களத்தில் மூட்டையை நிறுத்ததும் தராசிலிருந்து எடை நேராகப் போனில் ஏறிவிடும். சென்ற பிப்ரவரியில் எடையைப் பதியும் அந்தச் செயலி ஓடாமல் நின்றது. ஏப்ரலில் மல்லாட்டை பிடுங்குவதற்குள் எல்லாப் போனிலும் புதிய அடிமென்பொருள், அதாவது பர்ம்வேர், போட்டாக வேண்டும். இல்லையென்றால் பழையபடி வியாபாரி சொல்வதே எடை. லூர்துசெல்வி தான் போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

2025 மார்ச் 2, ஞாயிறு பூசை முடிந்து அனந்தபுரம் போனார். மாலைக்குள் ஒன்பது போன்களில் போட்டார். ஆறு ஓடின. மூன்று திரை இருண்டு செத்துப்போயின. அவற்றில் ஒன்று சங்கத் தலைவி பிரபாவதியுடையது.

"இன்னா செல்வி, உயிரோட குடுத்தோம், பொணமாத் திருப்பிக் குடுக்கிற?" என்றார் பிரபாவதி. மூன்று வாரம் தவணை தந்தார். அதற்குள் முடியாவிட்டால் எல்லாப் போனையும் சென்னைக்கே அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

ஒரு வாரம் செத்த மூன்றையும் செல்வி பிரித்துப் பிரித்துப் பார்த்தார். காரணம் பிடிபடவில்லை. தோற்றுவிட்டதைச் சொல்லவே மார்ச் 9 அன்று மறுபடி போனார். அங்கே இளவரசி என்ற உறுப்பினர் தன் போனின் பின்மூடியைக் கழற்றி, பக்கத்திலிருந்தவரின் ஊதா மூடியை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார். அன்று அவர் கட்டியிருந்தது ஊதாச் சேலை. எத்தனை நாளாக இந்தப் பழக்கம் என்று செல்வி கேட்டார்.

"வந்த நாள்லேர்ந்தே மாத்திக்கினுதான் இருக்கோம்க்கா."

அந்தப் போன்களின் மின்சுற்றுப் பலகையில் பழைய போர்டு, புதிய போர்டு என்று இரண்டு வகை. மென்பொருளும் இரண்டு வகை. எந்த வகை என்ற சீட்டு ஒட்டியிருந்தது மூடியின் உட்புறத்தில். அதைப் பார்த்துத்தான் செல்வி போட்டிருக்கிறார்; மூன்றில் வகை தவறி ஏறியிருக்கிறது.

பழைய முதலாளி விருத்தாசலத்திடம் போனில் சொன்னபோது, இனிமேல் மூடியை மாற்றக் கூடாது என்று உத்தரவு போடச் சொன்னார் அவர்.

"அவங்க மாத்திக்கட்டும் சார். நான் என் வேலைய மாத்திக்கிறேன்" என்றார் செல்வி.

அன்று தொடங்கியதுதான் அந்தக் கருவி. கணினியில் ஓடும் சிறு நிரல். மூடியை நம்பாமல், ஆளையும் நம்பாமல், போர்டில் உள்ள சில்லிடமே, அதாவது சிப்பிடமே, அதன் எண்ணைக் கேட்டு, பொருத்தமான மென்பொருளைத் தானே எடுத்துப் போடும். முதல் வடிவத்தில் போடுபவரிடம் கேட்கும் ஏழு கேள்விகள் இருந்தன. மார்ச் 14 அன்று தன் அப்பா தொம்மையிடம் கொடுத்துப் பார்த்தார். கொத்தனாரான அவர் மூன்றாவது கேள்வியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். 19ஆம் தேதி ஏழு கேள்விகளும் போய், ஒரு பச்சைப் பொத்தான் மட்டும் மிஞ்சியது. செத்த போனின் சில்லும் கேட்டால் பதில் சொன்னது. இரண்டைக் கடையிலேயே உயிர்ப்பித்தார். பிரபாவதியின் போனை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார்.

மார்ச் 23, ஞாயிறு. நானும் கூடப் போயிருந்தேன். காலை 10.15க்குப் பிரபாவதியின் கையாலேயே பொத்தானை அழுத்தவைத்தார் செல்வி. ஆறு நிமிடம் இருபது வினாடி ஆனது. திரை வெளிச்சமானதும் பிரபாவதி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு பெண்கள் தாங்களே வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். செல்வி நாற்காலியை விட்டு எழவில்லை. 2.20க்கு முடிந்தது. பிரபாவதியுடையதோடு சேர்த்துப் போன்கள் முப்பத்து நான்கு. மூடி மாறியிருந்தவை பதினேழு. செத்தது ஒன்றும் இல்லை.

"நீ ஒரு வேலையும் செஞ்ச மாதிரி தெரியலியே?" என்றார் பிரபாவதி.

"அதுக்குத்தான்க்கா ரெண்டு வாரமா வேலை செஞ்சேன்."

ஏப்ரல் 7, திங்கட்கிழமை களத்தில் முதல் மூட்டை தராசில் ஏறியது. வியாபாரி நாற்பது கிலோ என்றார். இளவரசி போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். நாற்பத்தொரு கிலோ இருநூறு கிராம். வியாபாரி அதையே எழுதிக்கொண்டார்.