மூடியில் ஊற்றிய கூழ்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை கூழ் கிண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நொய் கொதித்துக்கொண்டிருந்த பானையில் புளித்த கேப்பை மாவை ரேணுகா ஊற்ற, மொக்கம்மாள் துடுப்பால் கிண்டினாள்.

"வெரசா ஊத்துடீ. கட்டி தட்டுச்சுன்னா உன் பூச்சிகள்லாம் கோவிச்சுக்கிரும்."

ரேணுகா மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குடல் பாக்டீரியாக்களை ஆராய்கிறாள். மொக்கம்மாளுக்கு அவை பூச்சிகள். "ஊர்ல ஆடு மேய்ப்பாக, மாடு மேய்ப்பாக. எம் மக என் வயித்துக்குள்ள பூச்சி மேய்க்கிறா" என்று தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைப்பாளாம்.

மொக்கம்மாள் பிறந்தது குரங்கணி. வாழ்க்கைப்பட்டது போடி. ரேணுகா பள்ளிக்கூடம் போகுமுன்பே புருஷன் போய்ச்சேர, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறினாள். இருட்டோடு கிளம்பி, போடிமெட்டைத் தாண்டி இறங்கி, செடியடியில் குனிந்து காய் எடுத்து, இருட்டியபின் வீடு திரும்புவாள். விரல்களில் ஏறிய கறை ஒருநாளும் போனதில்லை. பாயசத்துக்கு ஏலக்காய் போடமாட்டாள். "நாளெல்லாம் மோந்தது பத்தாதா?"

சிறுமியாக இருந்தபோது கேப்பையும் சாமையும் தின்று வளர்ந்தவள்தான். ஜீப் ஏறிய பிறகு ஆக்குவதற்கு நேரமில்லை. ரேஷன் அரிசிச் சோறும், வழியில் டீயும் பன்னும் என்றாயிற்று. மாதவிலக்கு நின்ற மறுவருஷம் சர்க்கரை வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். அதோடு பழைய சாப்பாட்டையும் கொண்டுவருவோம் என்றாள் ரேணுகா. கேப்பையின் நாரைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை பெருகினால் உடம்பு இன்சுலின் சொல்வதைக் கொஞ்சம் கேட்கும். அந்த வயதுப் பெண்களுக்கு அந்தக் கொஞ்சமே பெரிது. காலைக்கும் மத்தியானத்துக்குமாக மொக்கம்மாள் ஒரு தூக்குச்சட்டிக் கூழ் கொண்டுபோகத் தொடங்கினாள். ஞாயிறுதோறும் ரேணுகா வந்து கூடநின்று கிண்டினாள்.

ஒரு வருஷமாகியும் சர்க்கரை இறங்கவில்லை. அம்மாவின் மலத்தைச் சின்ன டப்பாவில் வாங்கிப் போய் ரேணுகா சோதித்தாள். கேப்பை தின்கிற குடலில் இருக்கவேண்டியவை அதில் இல்லை. டப்பா மாறிவிட்டதோ என்று மறுபடி வாங்கினாள். மறுபடியும் இல்லை.

"என்ன, நான் பாஸா பெயிலா?" என்றாள் மொக்கம்மாள்.

"இன்னும் தெரியலம்மா."

"பேண்டதுலகூடப் பெயிலாக்குறது நீ ஒருத்திதான்டி."

அதற்கடுத்த வியாழக்கிழமை தோட்டத்தில் நெஞ்சு கரிக்கிறது என்று உட்கார்ந்தாள். வாயு என்று இஞ்சியைத் தட்டிக் கொடுத்தார்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு பெரிய வலியில்லாமலும் வரும். ரேணுகாவுக்கு அது தெரியும். கூட வேலைசெய்தவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்த ஜீப் போடிமெட்டு வளைவுகளில் பாதிகூட இறங்கவில்லை, மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்தது. ரேணுகாவால் அழவும் முடியவில்லை, மதுரைக்குக் கிளம்பவும் முடியவில்லை. எங்கே தவறியது என்று தெரிந்தாகவேண்டும். மாவா, புளிப்பா, சோதனையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஜீப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பாண்டீஸ்வரி ஒருத்தி. கூட்டத்தில் இளையவளான கற்பகம் மற்றவள். சட்டியை நன்றாகத் துலக்கியிருந்தார்கள்.

"சித்தி, அம்மா மலையில கூழை ஒழுங்காக் குடிச்சுச்சா?" என்று கேட்டாள் ரேணுகா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கற்பகம்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கூழுக்கு நாங்க அடிச்சுக்கிருவோம்க்கா. 'எம் மக படிச்சுப் பாத்துச் சொன்ன கூழு, பொம்பளைக்கு இதாண்டி மருந்து'ன்னு உங்கம்மா ஆளுக்கு ஒரு மூடி ஊத்தும். கடைசியில சட்டியில ஒட்டுனதை வழிச்சு நக்கும்."

"அப்ப அம்மா எதைத் தின்னுச்சு?"

"நாங்க குடுத்ததை. எலுமிச்சஞ்சோறு, புளிச்சோறு. குடுத்ததை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாது. ரேணுகாவுக்கும் அது தெரியும். தோட்டத்தில் சாப்பிட உட்காரும் மரத்தடியில் எந்தச் சட்டியும் அதன் சொந்தக்காரிக்கு மட்டும் திறக்காது. தன்னுடையதை மற்றவள் மூடியில் ஊற்றி, மற்றவளுடையதைத் தன் மூடியில் வாங்கித்தான் தின்னவேண்டும். தனியாகத் திரும்பி உட்கார்ந்து தின்றவளோடு மறுநாள் யாரும் பேசமாட்டார்கள். இத்தனை வருஷம் அந்தத் தோட்டச் சோற்றில் வளர்ந்த ரேணுகா, கூழை அளந்து ஊற்றிய நாளில் அதை நினைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தில் பிழையில்லை. அரிசிச் சோறு தின்னும் குடல் என்று கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"ஒருத்தியாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல சித்தி?"

"உங்கிட்ட மூச்சுக் காட்டப்படாதுன்னுட்டா தாயி. 'தெரிஞ்சா எம் மக மனசு விட்டுரும், பாவம், ஞாயித்துக்கிழமையெல்லாம் பானையடியில நிக்கிறா'ன்னா."

"குடுக்காமத் தின்னுருக்கலாம்ல. ஒருவேளையாவது!"

ரேணுகா கத்திவிட்டாள். கற்பகம் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டீஸ்வரி தூக்குச்சட்டியை ரேணுகா பக்கம் நகர்த்தினாள்.

"உங்கம்மாவுக்கு அது வராது தாயி."

கூழ் அவளைக் காப்பாற்றியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. அப்போதுதான் ரேணுகாவுக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை. பாண்டீஸ்வரி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கற்பகம் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். ரேணுகா ஒரு வாய் குடித்து வைத்த செம்பை எடுத்து, மிச்சம் முழுவதையும் பாண்டீஸ்வரி ஒரே மூச்சில் குடித்தாள்.

"தாகம் அடங்க மாட்டேங்குது தாயி. ராத்திரியில கால் ரெண்டும் எரியுது. 'உனக்கும் சக்கரதாண்டி'ன்னா உங்கம்மா. அவ போன வியாழனுக்கு அடுத்த திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தா. 'வெறும் வயித்தோட வரணும், டீகூடக் குடிக்கப்படாது'ன்னா." அவள் செம்பைக் கீழே வைத்தாள். "அதுக்குள்ள போயிட்டா. எனக்கு அங்க எந்த வாசல்னுகூடத் தெரியாது. இன்னும் போகல."