பத்துக்கு ஒன்று குறைவு

மனநலப் பிரிவின் முகப்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கூட்டல் அக்கா. தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனம் ஒட்டுகிறதா என்று ஒரு கேள்வித்தாள். வருகிறவர்கள் டிக் அடித்துக் கொடுப்பார்கள். அக்கா கண்ணாலேயே மதிப்பெண்ணைக் கூட்டிவிடுவாள். பத்து வந்தால் டாக்டரிடம். குறைந்தால், "உங்களுக்கு ஒண்ணுமில்லை, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க." நாலு வருடமாக இதே பல்லவிதான்.

அவள் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். நாலு மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒருநாள் அக்கா கேள்வித்தாளை வீட்டுக்கே கொண்டுவந்து நிரப்பச் சொன்னாள். கூட்டினால் ஒன்பது. அப்பாடா! அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அன்று பிடித்தது சனியன். "ஒன்பதுதாங்க! நோய்னா நானே உங்களைத் தாங்குவேன். இது வெறும் சோம்பேறித்தனம், எழுந்திருங்க." மனுஷன் தலையாட்டினார், முகம் கழுவினார், வேலைக்குப் போனார். எப்படிப் போனாரோ, அவள் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை டாக்டரம்மா வந்து, "இன்னிலேர்ந்து இன்னொரு டாக்டர் வர்றாரு. இனிமே ஏழு வந்தாலே உள்ள அனுப்பிடுங்க" என்றார், சாதாரணமாக.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப இத்தனை நாளா எட்டு, ஒன்பது வாங்கினவங்க? நோயே இல்லைன்னு சொல்லி அனுப்பினேனே!"

"ஐயையோ, அப்படிச் சொல்லச் சொன்னது யாரு?" டாக்டரம்மாவும் அதிர்ந்துபோனார். "இந்த மனச்சோர்வு தனி நோய்ங்கிறாங்க சிலர். எல்லார்கிட்டயும் கூடக்குறைய இருக்கிறதுதான்ங்கிறாங்க சிலர். அந்தச் சண்டையே இன்னும் தீரலை. பத்துங்கிறது நான் போட்ட கோடு. ஒருத்தியா என்னால அவ்வளவு பேரைத்தான் பார்க்க முடிஞ்சுது."

எத்தனை முகங்களை அனுப்பிவைத்தாள்! அதில் ஒரு முகம் வீட்டில் இருக்கிறது. போன் போட்டாள், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பணிமனைக்குப் போட்டாள், வரவே இல்லை என்றார்கள். பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

கதவு திறந்தே கிடந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டையின் ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது; மற்றது முதுகில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் பதறிப்போய் எழப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதே. ஒன்பதுதானே, ஒன்பதுதானேன்னு காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். இந்த இன்னொரு கையை மட்டும் நுழைக்க முடியலை."