குண்டுகரிச்சானும் மரத்துக் காளானும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹைதராபாத் ஆட்களை மரங்களுக்கு நடுவே நடத்திப் போய், "அதோ, அந்தக் கிளையில்!" என்று பறவை காட்டுவது என் வேலை. விரலை நீட்டி முடிப்பதற்குள் அது போயிருக்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அது பாடுமா?

லோத்குண்டாவில், ராணுவ நிலத்தை ஒட்டி ஒரு காலனி. வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். உச்சியில் ஒரு குண்டுகரிச்சான், கைக்குள் அடங்கும் உடம்பை வைத்துக்கொண்டு காலனியையே எழுப்பிக்கொண்டிருந்தது. கேமராக்கள் உயர்ந்ததும் பறந்துவிட்டது. எல்லோர் முகமும் தொங்கிப்போனது. சமாளிக்க வேண்டுமே! அடிமரத்தில் தட்டுத் தட்டாக முளைத்திருந்த காளானைக் காட்டி, "இது எங்கேயும் ஓடாது, நிதானமா பாருங்க" என்றேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கும் கார்த்திக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இது பாடுங்களா?"

தோசைத்திருப்பி வைத்தியம்

மறுவாரம் போனால் காளானைக் காணோம். காலனியில் வெகுகாலமாகக் குடியிருக்கும் வசந்தா ஆன்ட்டி கையில் தோசைத்திருப்பியோடு நின்றார். மரத்துப் பொந்தில் கரிச்சான் கூடு கட்டியிருப்பதை அவர்தான் கண்டுபிடித்திருந்தார். அதைக் காப்பாற்றத்தான் இந்தச் சேவையாம். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, "ஏன் ஆன்ட்டி?" என்றேன். "குஞ்சு பொரிக்கிற வீட்ல பூஞ்சை இருக்கலாமா? நக்கோ, கூடவே கூடாது!"

மேஸ்திரி

சுரண்டினால் போய்விடுமா? காளானின் உடம்பு மரத்துக்குள் இருக்கிறது. வெளியே தெரிவது அதன் காய் மாதிரி. அடுத்த மழையில் மறுபடி முளைத்தது. இந்த முறை காலனிச் செயலாளர் கண்ணில் பட்டுவிட்டது. "மரம் உளுத்துப்போச்சு. கார் மேல விழுந்தா? காய்கூ, எதுக்கு இந்த ரிஸ்க்? நாளைக்கே வெட்டிடலாம்" என்றார். அவர் பயமும் நியாயம்தான். ஆனால் பொந்துக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"கரிச்சானுக்கு மரம் குடையத் தெரியாது சார். காளான் உள்ளே தின்னுதின்னுதான் இந்தப் பொந்தே விழுந்திருக்கு" என்றேன். வசந்தா ஆன்ட்டி போய், மரத்தடியில் நின்ற தன் காரை முதலில் நகர்த்தினார். மற்றவர்களும் நகர்த்தினார்கள். குஞ்சுகள் பறந்த பிறகு, ஆடுகிற கிளைகளை மட்டும் வெட்டலாம் என்று செயலாளர் அரைமனதாக இறங்கி வந்தார். ஆன்ட்டி காளானைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "ஐயோ, அதுக்கு வீடு கட்டின மேஸ்திரியை இல்ல நான் சுரண்டிப் போட்டேன்!"

பறவை பார்க்க வந்து, மேஸ்திரி கதையைக் கேட்டு அங்கேயே நின்றுவிடுகிறவர்களைக் காளானிடமிருந்து பிரித்து வீட்டுக்கு அனுப்புவதுதான் இப்போது என் ஞாயிற்றுக்கிழமைப் பாடு.